அழாதவனைப் பற்றிய படம்

கேன்தோர்ப் ஊரின் ரக்பி லீக் மைதானத்தில் க்ளைவ் ஹோல்ராய்டின் தொண்டை திறக்காமல் எந்த ஆட்டமும் முடிந்ததில்லை. க்ளைவ் பஸ் ஓட்டுநர். வாரம் முழுக்கப் பயணிகளிடம் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம், கிழக்குப் பக்கத்துப் படிவரிசையில் நின்று, துருப்பிடித்த கம்பியில் முழங்கையை ஊன்றிவிட்டால் வேறு ஆள். "யோவ் ரெஃபரி! வீட்டுல பொண்டாட்டி உன் பேச்சைக் கேக்கலன்னா அந்தக் கோவத்தை எங்க பசங்க மேல ஏன்யா காட்டற?" என்பார். எதிரணி ஆதரவாளர்கள்கூடச் சிரிப்பார்கள். ஒருமுறை ரெஃபரியே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

வெண்டி அவரைச் சந்தித்ததும் அங்கேதான். அவள் அவருக்கு முன்படியில் நின்றிருந்தாள். ஆட்டத்தின் பாதியில் திரும்பி, "இந்தக் காது எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம் வேணும். வாயை மூடறியா?" என்றாள். இடைவேளையில் க்ளைவ் அவளுக்கு ஒரு கோப்பைச் சூடான டீ வாங்கிக்கொடுத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த பாதியில் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே கத்தினார். அதுதான் அவளுக்குப் பிடித்துப்போனது என்று பின்னால் அவள் சொல்வாள்.

கல்யாணம் ஆயிற்று. குழந்தை பிறக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் அதிகம் பேசிக்கொண்டதுமில்லை. வெண்டி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டு ஊர் பாதி காலியானபோதும் அவர்கள் போகவில்லை. அணி மேல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. இன்னும் கீழே இறங்கியது. இருவரும் அதே படியில் நின்றார்கள்.

நோய் முதலில் பிடித்தது அவருடைய நாக்கைத்தான். ஒரு ஞாயிறு, ரெஃபரியைப் பார்த்துக் கத்தியபோது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பக்கத்தில் நின்றிருந்த பேரி தோளில் தட்டினார்.

"என்ன க்ளைவு, மத்தியானமே ஆரம்பிச்சாச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். க்ளைவும் சிரித்தார். ஆனால் அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே இருந்தது. பஸ் டிப்போவில் மேலாளர் அவரைத் தனியே கூப்பிட்டு, குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் குழாயில் ஊதச் சொன்னார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட வாசனையோடு ஸ்டியரிங்கைத் தொடாத மனிதர். ஊதிவிட்டு வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனைகளெல்லாம் முடிந்தபின் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். பேச்சு போகும், கை போகும், விழுங்குவது போகும், கடைசியில் மூச்சு. மூளை மட்டும் தெளிவாக இருக்கும். மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. திரும்பும் வழியில் க்ளைவ் ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"யார்கிட்டயும் சொல்லாத வெண்டி. குடிகாரன்னே நெனச்சுக்கட்டும்."

அவள் சொல்லவில்லை.

அதே மாதத்தில்தான் டீன் ஆர்மிடேஜின் செய்தி வந்தது. டீன் கேன்தோர்ப்பில் பிறந்தவன். சுரங்கத் தொழிலாளியின் பேரன். பத்தாம் எண் சட்டை போட்டு, எதிரணி ஆட்கள் கட்டும் சுவரில் மோதி வழி உண்டாக்கிக் கொடுப்பவன். நாட்டுக்காகவும் ஆடினான். ஓய்வு பெற்றபின் டி.வி.யில் ஆட்டத்தைப் பற்றிப் பேசினான். இன்னும் நாற்பது வயதாகவில்லை, இரண்டு சின்னப் பெண்குழந்தைகள். அவனுக்கும் அதே நோய்.

ஊரே அவனுக்காக எழுந்து நின்றது. கடைக் கண்ணாடிகளில் பத்தாம் எண் ஒட்டினார்கள். அணியின் அரக்கு நிறத்தில் கம்பளித் தொப்பிகள் பின்னி விற்றார்கள். நோயாளிகளுக்கான அறக்கட்டளைக்குக் காசு திரட்ட வாளி ஏந்தி நின்றார்கள். பக்கத்து ஊர் மைதானத்திலிருந்து கேன்தோர்ப் மைதானம் வரை மழையில் நடந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்தாவது நிமிடத்தில் எல்லோரும் கைதட்டுவது என்று முடிவாயிற்று. முதல்முறை அப்படித் தட்டியபோது க்ளைவும் தட்டினார். அப்போது அவருக்குக் கைகள் நன்றாகவே இருந்தன. வெண்டி பக்கத்தில் நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானம் முழுக்க ஒருவனுக்காகத் தட்டுகிறது. அதே நோயோடு இன்னொருவர் கூட்டத்தில் நின்று தட்டுகிறார், யாருக்கும் தெரியாது. டீன் மேல் கோபம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் இருந்தது.

கால் தடுமாற ஆரம்பித்தபின் மறைக்க முடியவில்லை. தெரிந்தபோது எல்லோரும் வருத்தப்பட்டார்கள். பேரி அவர்கள் வாசலில் வந்து நின்று தொப்பியைக் கசக்கினார். "அன்னிக்கி குடிச்சிருக்கன்னு சொன்னேனே" என்றார். அதற்கப்புறம் பேச்சு எப்படியோ டீனிடமே போய்விடும். "டீனுக்கு இப்படித்தான்", "டீன் இந்த நாற்காலிதான் வாங்கியிருக்கான்", "டீன் எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருக்கான் பாரு."

ஒரு டி.வி. நிறுவனம் ஒரு வருடம் டீன் வீட்டிலேயே கிடந்து அவனைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுத்தது. ஒளிபரப்பாகும் அன்று கிளப் பாரில் பெரிய திரை கட்டினார்கள். க்ளைவுக்கு அப்போது பேச்சு அறவே போய்விட்டது. மூச்சும் சிரமம். கண் பார்வையால் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் பேசும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். அதில் வருவது, ஊர்ப் பேச்சின் சாயலே இல்லாத, லண்டனில் செய்தி வாசிப்பவனைப் போன்ற குரல். டீனுக்கு அப்படியில்லை, பழைய பேட்டிகளிலிருந்து அவனுடைய சொந்தக் குரலையே செய்துகொடுத்திருந்தார்கள். க்ளைவின் பேச்சை யார் பதிவு செய்து வைத்தார்கள்?

"நீ போ. பாத்துட்டு வந்து சொல்லு," என்றது லண்டன் குரல். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு உட்காரவைத்துவிட்டு வெண்டி போனாள்.

படம் நன்றாகத்தான் இருந்தது. டீன் சக்கர நாற்காலியில் புல்தரைக்கு வந்தான். குழந்தைகள் அவன் மடியில் ஏறின. "வருத்தப்பட எனக்கு நேரமில்லை" என்றான். பாரில் பெரிய பெரிய ஆண்களெல்லாம் சட்டைக்கையில் மூக்கைத் துடைத்தார்கள். படம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இந்த டி.வி.காரங்க நம்ம ஊரை ஏன் எப்பவும் மழையிலயே காட்டறாங்க?" என்றாள் கவுண்டருக்குப் பின்னால் நின்ற ஷீலா.

"மழை பெய்யாதப்ப வரணும்னா வருஷத்துக்கு ஒருநாள்தான் ஷூட்டிங் நடக்கும்," என்றார் பேரி. "அந்தக் கூட்டத்துல என் தலை தெரிஞ்சுது, பாத்தியா?"

"அது உன் தலையா? நான் மைதானத்து லைட்டுன்னுல்ல நெனச்சேன்."

சிரித்தார்கள். பேரி கோப்பையை உயர்த்தினார். "டீனுக்கு! ஒரு சொட்டுக் கண்ணீர் பாத்தீங்களா? ஒரு முணுமுணுப்பு உண்டா? அவன்டா மனுஷன்!" பிறகு வெண்டியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, நல்ல மனதோடுதான் சொன்னார்: "க்ளைவும் இதைப் பாக்கணும் கண்ணு. அவனுக்கும் ஒரு தைரியம் வரும்."

வெண்டி கையிலிருந்த கிளாஸை மேசையில் வைத்தாள்.

"தைரியமா? இன்னிக்கிக் காலைல பல்லு தேச்சு விடறப்ப என் விரலைக் கடிச்சாரு பேரி. தெரியாம இல்ல, வேணும்னே கடிச்சாரு." கட்டுப் போட்டிருந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். "அப்பறம் அழுதாரு. சத்தம் வராம அழறது எப்படி இருக்கும் தெரியுமா உங்களுக்கு? தினம் அழறாரு. தினம் என்னைத் திட்டறாரு, சாமியைத் திட்டறாரு, உங்களையும் சேத்துத்தான். அப்ப அவரு மனுஷன் இல்லையா? சிரிச்சுக்கிட்டே செத்தாத்தான் கைதட்டுவீங்களா?"

ஷீலா கவுண்டரைத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். வெண்டி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாலை முனை வரை வேகமாக நடந்தாள். அவமானமாக இருந்தது. புருஷனின் அந்தரங்கத்தை ஊர் நடுவில் கொட்டிவிட்டோமே என்று இருந்தது. வீட்டில் க்ளைவ் "எப்படி?" என்று கேட்டபோது, "நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே ஒரு மதியம், அவர்கள் வாசலில் பெரிய வேன் ஒன்று வந்து நின்றது. பக்கவாட்டுக் கதவு திறந்து, பலகை இறங்கி, அதில் டீன் ஆர்மிடேஜ் நாற்காலியோடு இறங்கினான். பின்னால் அவன் மனைவி நிக்கி. தெருவில் ஜன்னல் திரைகள் அசைந்தன. வெண்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாரில் பேசியதற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

டீன் நாற்காலியில் பொருத்தியிருந்த கருவியின் திரையைப் பார்த்தான். ஊரெல்லாம் அறிந்த அந்தக் கரகரத்த குரல் வந்தது.

"நான் கடிக்கல வெண்டி. நான் துப்பினேன். நிக்கி மூஞ்சிலயே."

"சூப்போட," என்றாள் நிக்கி.

வெண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாசற்படியிலேயே அழுதுவிட்டாள்.

உள்ளே இரண்டு நாற்காலிகளையும் எதிரெதிரே போட்டார்கள். "நான் துப்பினதையும் அழுததையும்கூடப் படம் புடிச்சாங்க," என்றான் டீன். "நாந்தான் போட வேணாம்னேன். அழறவனைப் பாத்தா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. சனி, ஞாயிறு மைதானத்துல நான் சிரிச்சாகணும். இங்க வந்தா சிரிக்க வேணாமில்ல?"

க்ளைவின் கண்கள் நெடுநேரம் திரையில் அலைந்தன. கடைசியில் லண்டன் குரல், செய்தி வாசிப்பது போல, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசையை மிகச் சுத்தமான உச்சரிப்பில் சொல்லிற்று. டீனின் தோள் குலுங்கியது. அவனால் அவ்வளவுதான் சிரிக்க முடியும்.

அதிலிருந்து புதன்கிழமைகளில் வருவது வழக்கமாயிற்று. பெண்கள் இருவரும் சமையலறையில் உட்கார்ந்து, வெளியே யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். சில நாள் புருஷன் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று தோன்றுவதையும்கூட. ஒரு புதன்கிழமை க்ளைவ் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிவரச் சொன்னார். இரண்டு ஆண்களுக்கும் வயிற்றுக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. "எதுக்கு?" என்றாள் வெண்டி. "வாசனைக்கு," என்றது கருவி.

முனைக் கடையிலிருந்து வாங்கிவந்து, அவர்கள் நடுவே மேசையில் வைத்துக் காகிதத்தைப் பிரித்தாள். சூடான எண்ணெயும் வினிகரும் கலந்த ஆவி எழுந்தது. ஆட்டம் முடிந்து திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை. டீன் கண்ணை மூடிக்கொண்டான். வாய் துடைக்க வைத்திருந்த சின்னப் பஞ்சுக் குச்சி ஒன்றை வெண்டி வினிகரில் தொட்டு, பிழிந்து, க்ளைவின் நாக்கில் வைத்தாள். பிறகு இன்னொன்றை டீனுக்கு வைத்தாள். ஆறடிக்கு மேல் உயரமான அந்த மனிதன், எத்தனையோ பேர் மேலே விழுந்து அமுக்கியும் எழுந்து நின்றவன், நாக்கில் பட்ட ஒரு சொட்டுக்காகக் குழந்தை மாதிரி அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. க்ளைவும் அழுதார். மீன் ஆறும்வரை அப்படியே இருந்தார்கள்.

பேரியும் ஒருநாள் வந்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், கைபேசியை நீட்டினார். வருடக்கணக்காக ஆட்டங்களைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் பின்னால் க்ளைவ் கத்துவது கேட்டது. ஆஸ்பத்திரியில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதை எடுத்துப்போய்ப் பார்த்தாள். கூட்டத்தின் இரைச்சலில் அதிலிருந்து முழுக் குரலைச் செய்ய முடியாது என்றாள். சில கத்தல்களை மட்டும் அப்படியே வெட்டி ஏற்றிக்கொடுத்தாள். அன்றிலிருந்து, ஊசி போட வரும் நர்ஸைப் பார்த்து க்ளைவ், ரெஃபரிக்கு விட்ட கத்தலையே, "எங்கய்யா கத்துக்கிட்ட இந்த வேலையை!" என்று தன் சொந்தக் குரலில் கத்துவார். முதல் தடவை நர்ஸ் மருந்துப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள். வெண்டி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் குரலைக் கேட்டு நாளாகியிருந்தது.

நவம்பரில் க்ளைவ் போய்விட்டார். காலை வேளை. டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். கெட்டில் கொதித்து அடங்கி அவள் திரும்பி வருவதற்குள் முடிந்திருந்தது. நிக்கிதான் முதலில் வந்தாள்.

பேரி கிளப் நிர்வாகத்திடம் போய், அடுத்த ஆட்டத்தில் ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு பருவத்திலும் ரசிகர்கள் சிலர் இறக்கிறார்கள், ஒருவருக்குச் செய்தால் எல்லோருக்கும் செய்யவேண்டும் என்று பதில் வந்தது. பேரி கொதித்தார். "விடு பேரி. அவங்க சொல்றதும் சரிதான்," என்றாள் வெண்டி. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். ஆனாலும் அந்த ஞாயிறு அவள் மைதானத்துக்குப் போகவில்லை.

இறுதிச் சடங்குக்கு டீன் வந்தான். குளிரில் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் வந்தான். அவனைத் தொடர்ந்து பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவரும் வந்துவிட்டார். மறுநாள் படம் வெளியானது: "ரசிகர் ஒருவரின் இறுதிச் சடங்கில் டீன் ஆர்மிடேஜ்." க்ளைவின் பெயர் அதில் இல்லை. வெண்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு அந்தத் தாளைக் கசக்கி, முன்னறைக் கணப்பில் கரித்துண்டுகளுக்கு அடியில் வைத்துக் கொளுத்தினாள். நிக்கி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். "நீ என்ன பண்ணுவ கண்ணு?" என்றாள் வெண்டி. ஆனால் குரல் கொஞ்சம் வறண்டுதான் வந்தது.

டீன் ஏப்ரலில் இறந்தான். ஊர்வலம் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சாலையில் நிற்க இடமில்லை. வேறு ஊர் அணிகளின் சட்டை போட்டவர்களெல்லாம் வந்து மைதான வேலியில் பூவும் தங்கள் அணியின் கழுத்துத் துண்டும் கட்டினார்கள். டி.வி.காரர்கள் அஞ்சலி நிகழ்ச்சிக்காக மறுபடி வந்தார்கள். யாரோ சொல்லி வெண்டியையும் தேடிவந்தார்கள். அதே நோயில் கணவரை இழந்த ரசிகை. டீன் க்ளைவுக்கு எப்படி ஊக்கம் கொடுத்தார் என்று சொல்லவேண்டும் என்றார்கள்.

வெண்டி முதலில் நிக்கியிடம் கேட்டாள். "உள்ளதைச் சொல்லிடட்டுமா?"

"சொல்லு," என்றாள் நிக்கி. "எனக்குச் சிரிச்சு சிரிச்சு வாய் வலிக்குது."

கேமரா முன்னால் உட்கார்ந்து வெண்டி எல்லாவற்றையும் சொன்னாள். சூப்பைத் துப்பியது, வினிகர், இரண்டு பேரும் ஒருவர் முன்னால் ஒருவர் வெட்கமில்லாமல் அழுதது. "ஊக்கமெல்லாம் அவன் கொடுக்கல. என் புருஷன் அழறப்ப கூட இருந்தான். அதுதான் பெருசு," என்றாள். கேள்வி கேட்ட பெண்ணுக்கே கண் கலங்கிவிட்டது.

ஒளிபரப்பில் வெண்டி வந்தது ஒரு மூச்சு விடும் நேரம். "ரொம்ப நல்ல பையன்," என்று சொல்லும்போது காட்டிவிட்டு, மழையில் நனையும் பூக்களுக்குப் போய்விட்டார்கள்.

"இதுக்கா அரை நாளு உன்னை உக்காரவச்சானுங்க?" என்று பாரில் பேரி குதித்தார். "நான் கடுதாசி போடறேன். நறுக்குன்னு நாலு வரி."

"போடு. மழையைப் பத்தியும் ரெண்டு வரி சேத்துக்கோ," என்றாள் ஷீலா. வெண்டியின் முன்னால் கேட்காமலே ஒரு கிளாஸ் வைத்தாள். "நீ என்கிட்டச் சொல்லு. முழுசா. நான் கேக்கறேன்."

வெண்டி சொன்னாள். பாரில் அன்று பந்தயம், பழைய ஆட்டம் எதுவும் பேசப்படவில்லை. கேட்டு முடித்தபின் பேரி, தன் அண்ணன் புற்றுநோயில் கிடந்தபோது தான் பயந்துபோய் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்ததைச் சொன்னார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருடம் பக்கத்துத் தெருவில் லினெட் என்ற ஓவிய ஆசிரியைக்கு அதே நோய் வந்தது. அவள் கணவர் கார்டன் கேன்தோர்ப் ஆட்டத்துக்குப் போகாத ஞாயிறே இல்லாதவர்; இப்போது வீட்டைவிட்டு நகராமல் கிடந்தார். வெண்டி கதவைத் தட்டி, "நீங்க போங்க. நான் இங்க இருக்கேன்," என்றாள். அவர் தயங்கினார். "டீன் மாதிரி இவளும் தைரியமாத்தான் இருக்கா. ஒரு வார்த்தை சொல்றதில்ல," என்றார். சொல்லிவிட்டு, அணியின் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

ரேடியோவில் ஆட்டத்தின் வர்ணனை மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. லினெட்டின் கை இன்னும் கொஞ்சம் வேலை செய்தது. மடியில் இருந்த எழுதுபலகையில் கோணலாக எழுதிக் காட்டினாள்: உங்க வீட்டுக்காரர் எப்படி இருந்தார்?

"ரொம்ப மோசமா இருந்தாரு கண்ணு," என்றாள் வெண்டி. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ரேடியோவை நிறுத்தினாள்.

கார்டன் மழையில் நனைந்து திரும்பி வந்தபோது இரண்டு பெண்களுக்கும் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பலகை தரையில் கிடந்தது. லினெட் அதைத் தூக்கி எறிந்ததில் ஒரு மூலை உடைந்திருந்தது. அவர் பயந்துபோய் வாசலிலேயே நின்றார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. உள்ள வந்து அவ பக்கத்துல உக்காருங்க," என்றாள் வெண்டி. "ஆட்டம் என்ன ஆச்சு?"

"தோத்துட்டோம்."

வெண்டி கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.